மூக்குத்தோட்டத்துப் பெயர்கள்

மாலை ஆறரை மணி. தெல்தெனியவிலிருந்து குண்டசாலைப் பக்கம் வருகிற வீதி. பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார்... முஹ்ஸின், அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். கரண்ட் இப்போதைக்கு வராது.

இது எனக்கு நடந்ததல்ல. நம் இராமகிருஷ்ணனின் பெரியப்பா சேதுராமனுக்கு நடந்தது. தொண்ணூற்றிரண்டில், மழை பொய்த்துப் போன அந்த வருஷம். மகாவலியை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிய பழைய ஊர்களின் சுவர்கள் வெளியே தெரிந்த சமயம்.

மூழ்கியவற்றில் ஒன்று மூக்குத்தோட்டம். மகாவலி வளைந்து ஓடிய இடம். மூன்று பக்கமும் ஆறு. ஒரு பக்கம் மட்டும் ஒடுங்கிய தரை. மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த மேடு. வெள்ளைக்காரன் அங்கே கொக்கோ போட்டான், வேலைக்குக் கடல் தாண்டி நம் ஆட்களைக் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டம் கை மாறிக் கை மாறிச் சீரழிந்தது. மிஞ்சியது ஒரு லயம், வரிசையாக ஐந்து காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். அதில் இருந்த ஒருவருக்கும் பிரஜாவுரிமை இல்லை.

அணை கட்டப் போகிறார்கள் என்றதும், காணி இழக்கிறவர்களின் பெயர் எழுத அங்கே போன தற்காலிகக் கிளார்க் இந்தச் சேதுராமன்தான். லயத்தில் மூத்தவர் அழகர். உட்காரக் கதிரை போட்டு, பால் விடாத பிளேன்டி கொடுத்து, பக்கத்தில் நின்றார்.

"எங்க பேரையும் எழுதிக்கிங்க ஐயா."

"பிரஜாவுரிமைக் கடுதாசி இல்லாதவங்கள எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப நாங்க எங்க போறது?"

சேதுராமனின் அப்பாவுக்குக் கடுதாசி கிடைத்தது, அழகருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். படிவத்தில் எழுதினார்: 'குடியிருப்போர் இல்லை.' பிளேன்டியைக் குடித்து முடித்துவிட்டு வந்தார்.

எண்பத்து நாலில் தண்ணீர் ஏறியது. மேடு மூழ்குவதற்கு வெகு முன்னாலேயே அந்த ஒடுங்கிய தரை மூழ்கிவிட்டது. ஒருவரும் தோணி அனுப்பவில்லை. ஆளில்லாத இடத்துக்கு எதற்குத் தோணி? புசல்லாவையில் சொந்தம் இருக்கிறது, முன்னாலேயே போயிருப்பார்கள்... சேதுராமன் தனக்குத்தானே இதைச் சொல்லிக்கொண்டார். எட்டு வருஷம் சொல்லிக்கொண்டார்.

பஸ்ஸைத் தவறவிட்ட அன்று மகளின் கல்யாணக் கார்டு கொடுக்கப் போய்த் திரும்புகிறார். வலது பக்கம் வெடித்த சேறு. அதற்கு நடுவில் மூக்கு மேடு, முழுதாக. காற்றே இல்லை.

முதலில் வாசனை. கொக்கோ விதையை வாழையிலை போட்டு மூடிப் புளிக்கவைத்தால் வருமே, இனிப்பும் காடியும் கலந்த நெடி... அது. அந்தப் பக்கம் ஒரு கொக்கோ மரம் கூட இல்லை.

பிறகு சத்தம். சளக்... சளக்... ஈரச் சேற்றில் கால் வைத்து எடுக்கிற சத்தம். சேறோ பாளம் பாளமாகக் காய்ந்து கிடக்கிறது.

நின்றார். திரும்பவில்லை.

"ஐயா... இப்ப எழுதிக்கிறீங்களா?"

குரல் தெரிந்தது. அதில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. திட்டியிருந்தால் ஓடியிருப்பேன் என்பார் சேதுராமன்.

மிச்சமிருந்த கார்டு ஒன்றைத் திருப்பினார். பேனாவைத் திறந்தார். அழகர், வயது எழுபத்தொன்று. அடுத்தது ஒரு பெண் குரல். பெயர், வயது. அடுத்தது... பிடரியில் ஐஸ் மாதிரி ஈரம். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் முந்தவில்லை. வரிசையில் நின்று சொன்னார்கள். இவர் எழுதினார்.

வெளிச்சம் முகத்தில் அடித்தபோது நன்றாக இருட்டியிருந்தது. பஸ் நின்றிருந்தது. பழக்கமான கண்டக்டர் ஹபீல் இறங்கி வந்து தோளைப் பிடித்தான்.

"சேதுராமன் அண்ணே, தனிய நின்டு யாரோட பேசிக்கொண்டு ஈக்கிறீங்க?"

வீதியில் வேறு ஆளில்லை. கையில் நனைந்த கார்டு. பின்பக்கம் முழுக்க அவருடைய கையெழுத்து.

அடுத்த ஞாயிறு புசல்லாவைக்குப் போனார். அழகர் உயிரோடு இருந்தால் காலில் விழுந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. விசாரித்து விசாரித்து, அங்கே கட்டிக்கொடுத்திருந்த அழகரின் மூத்த மகள் இராஜேஸ்வரியைக் கண்டுபிடித்தார்.

"இங்க யாருமே வரலீங்களே" என்றாள் அவள். "அந்தப் பக்கமே கவர்மென்ட்ல காணி குடுத்துட்டாங்க, நல்லாயிருக்காங்கன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தோம். வசதி வந்ததும் என்னைய மறந்துட்டாங்கன்னு கோவம். அதான் நானும் தேடிப் போகல."

சேதுராமன் கார்டை நீட்டினார். அவள் ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தாள். தங்கச்சி பெயர் வந்ததும் நிறுத்தினாள்.

"சுந்தரி... கடைசியா கடுதாசி போட்டப்ப முழுகாம இருந்தா. புள்ள பொறந்துச்சான்னு கூட எனக்குத் தெரியாதுங்க."

சேதுராமன் சட்டென்று கட்டைவிரலால் கடைசி வரியை மறைத்தார். அவள் அந்த விரலைப் பிடித்து விலக்கினாள்.

'சுந்தரி மகள். இன்னும் பெயர் வைக்கவில்லை. வயது, பதினொரு நாள்.'