கிளீட்டஸ் தூக்காத கை

சரி, இப்ப உங்களுக்கு ஒரு வேலை. உங்க நாலாவது தெரு முனையில ஒரு பள்ளம் இருக்கே... வர்ற வழியில நானே அதுல விழப் பார்த்தேன்... அதைப் பத்திப் புகார் குடுத்தவங்க எல்லாம் கையைத் தூக்குங்க பார்ப்போம். அடேயப்பா! உங்க குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரெண்டு கையையும் தூக்குறார்! சந்தோஷம். யாரும் இறக்காதீங்க. தூக்கின கை அப்படியே இருக்கட்டும். அதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லி முடிச்சுடறேன்.

கிளீட்டஸ்னு ஒருத்தர். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். கால்பந்து ஆடறதுதான் தொழில். கோல் அடிக்கற ஆள் இல்லீங்க... கோல் விழாம பார்த்துக்கற ஆள். டிஃபெண்டர். பதினாலு வருஷம், ஒன்பது கிளப். சென்னை, கொச்சி, கோவா, கல்கத்தா... எந்த ஊர்லயும் மூணாவது வருஷம் பார்த்ததில்லை. ஒரு பெட்டி, ஒரு குக்கர், அவ்வளவுதான் குடித்தனம். பதினாலு வருஷத்துல எத்தனை கோல் அடிச்சிருப்பார் சொல்லுங்க? ஒண்ணே ஒண்ணு... அதுவும் தன் வலைக்குள்ளயே!

அவருக்கு இருபத்திநாலு வயசுல ஒரு இறுதி ஆட்டம். "ஜெயிச்சுக் குடு தம்பி, மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுடறேன்"னு மேனேஜர் சொல்லியிருக்கார். முடிய ரெண்டே நிமிஷம். ரெண்டு பக்கமும் சமம். அப்ப எதிரணிக்காரன் ஒருத்தன் பந்தை வாங்கறான். கிளீட்டஸ் பார்த்தார்... ஆஃப்சைடு! ஆஃப்சைடுன்னா என்ன? நம்ம கடைசி ஆளைத் தாண்டி முன்னாடியே போய் நின்னுக்கிட்டுப் பந்தை வாங்கறது. கோல் அடிச்சாலும் செல்லாது. ஆனா ஓரத்துல நிக்கற நடுவர் கொடியைத் தூக்கணும்.

கிளீட்டஸ் என்ன பண்ணார்? கையைத் தூக்கினார். "ஆஃப்சைடு! ஆஃப்சைடு!"ன்னு கத்தினார். கத்திட்டு... நின்னுட்டார்.

கொடி ஏறலை. கோல் விழுந்துருச்சு.

மறுநாள் பேப்பர்ல படம். நல்லாத் தெரியுது, அந்த ஆள் ஒரு எட்டு முன்னாடிதான் நிக்கறான். கிளீட்டஸ் பேப்பரைத் தூக்கிக்கிட்டு மேனேஜர்கிட்ட ஓடினார். "சார், பாருங்க சார்! நான் சொன்னது சரிதானே?" மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் பார்த்தார். "சரிதான் தம்பி. நூத்துக்கு நூறு சரி... பெட்டியைக் கட்டு."

எப்படி இருந்திருக்கும் அந்த மனுஷனுக்கு? அன்னிக்கு முடிவு பண்ணார். இனிமே ஆட்டத்துல கையைத் தூக்கறதில்லை. முதல்ல ஓடறது. கொடி ஏறுதோ இல்லையோ, ஓடறது! கூட ஆடற பசங்களுக்கு ஒரே சிரிப்பு. "அண்ணே, கொடி ஏறிடுச்சுண்ணே, யாரைத் துரத்துறீங்க?" இவர் மூச்சு வாங்கிக்கிட்டே சொல்வாராம்: "ஏறினா நல்லது மக்கா." பத்து தடவை ஓடினா ஒன்பது தடவை வீண்தான். அது அவருக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். எந்தத் தடவை பத்தாவதுன்னுதான் தெரியாது.

அங்க ஒரு சார் கையை இறக்கிட்டார்... தூக்குங்க சார், கதை முடியலை.

முப்பத்தஞ்சு வயசு. முழங்கால்ல கட்டு. ஒன்பதாவது கிளப், ரெண்டாவது வருஷம். கடைசி ஆட்டத்துல தோத்தா கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிடும், பாதிப் பேரை அனுப்பிடுவாங்க. முதல்ல யாரை அனுப்புவாங்க? இவரைத்தான். இந்த வயசுல வேற எந்தக் கிளப் கூப்பிடும்? சமமா முடிச்சாப் போதும். கடைசி நிமிஷம்... எதிரணி ஆள் பந்தோட உள்ள புகுந்துட்டான். மூணு டிஃபெண்டர் கையைத் தூக்கிட்டு நிக்கறாங்க. கோல்கீப்பரும் தூக்கிட்டார்! நாலு பேரும் ஒரே குரலா, "ஆஃப்சைடு!" அவன் கீப்பரைத் தாண்டிப் பந்தைத் தட்டி விட்டான். காலி வலை. பந்து உருளுது... உருளுது...

கோட்டு மேல ஒரு கால் வந்துச்சு. கட்டுப் போட்ட கால். சறுக்கிக்கிட்டே வந்து பந்தை வெளிய தள்ளிருச்சு.

கொடி? கடைசி வரைக்கும் ஏறலைங்க.

ஆட்டம் முடிஞ்சதும் கோச் வந்து தோள்ல கை போட்டார். "கிளீட்டஸ், பெட்டியைப் பிரிச்சு வை. அடுத்த வருஷமும் இங்கதான்." வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ஊர்ல மூணாவது வருஷம்! மறுநாள் பேப்பர்ல படம் பார்த்துட்டு வீட்டம்மா ஜெனிட்டா போன் பண்ணாங்க. "என்ன இது, உங்க மூஞ்சியே இல்லையே?" "முதுகு இருக்குல்லா... ஓடிட்டுல்லா இருக்கேன்!"

அந்தப் படத்துல இன்னொண்ணும் தெரிஞ்சுது. எதிரணி ஆள் நிஜமாவே ஒரு எட்டு முன்னாடிதான் நின்னிருக்கான். அப்படின்னா அந்த நாலு பேர் சொன்னதும்... சரிதான்!

இப்ப உங்க கையைப் பாருங்க. நீங்க சொன்னதும் சரிதான். அது பள்ளம்தான். படம் எடுத்து குரூப்ல போட்டது சரி, மனு குடுத்தது சரி. நாலு மாசமா எல்லாமே சரி! ஆனா அந்தப் பள்ளத்துல ஒரு மரக்கிளையை நட்டு வெக்க இத்தனை கையில ஒரு கை வரலையே? மூணாவது வரிசையில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க, கையில மாவுக்கட்டோட. போன வாரம் ஸ்கூட்டியோட அதுல விழுந்தவங்க. இந்தக் கூட்டத்துல கையைத் தூக்க முடியாத ஒரே ஆள் அவங்கதான்.

மனு குடுங்க. தப்பே இல்லை. கொடி ஏறட்டும். அது ஏறற வரைக்கும் நிக்காதீங்கன்னுதான் சொல்றேன். கூட்டம் முடிஞ்சதும் எனக்குப் பொன்னாடை வேண்டாம், செயலாளரே. ஒரு மண்வெட்டி, நாலு சட்டி ஜல்லி குடுங்க. நானும் வர்றேன்.

இப்ப கையை இறக்கலாம்... இறக்குங்க. அந்தக் கைக்கு வேலை இருக்கு.