வெள்ளிக்கிழமைக் கோளாறு

"...மத்த நாள் நல்லாத்தாங்க இருக்கு. வெள்ளிக்கிழமையானா அந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் போயிருது. மெமரி இல்லைன்னு டீவியில எழுத்து வந்துருது," என்றார், ஹாலிஎல பஸ்ஸில் மடியில் பெட்டியோடு எனக்கு முன்னால் இருந்தவர்.

"பழைய சாமானாண்ணே?" என்றார் பக்கத்து ஆள்.

"புதுசு. மக குவைத்துல வீட்டு வேலை செஞ்சு, தம்பி படிக்கட்டும்னு அனுப்பினது. ஓட்டைச் சாமானை அனுப்பி ஊரைச் சிரிக்க வச்சிட்டியேன்னு காயிதம் போட்டேன். அப்புறம் அவகிட்டயிருந்து ஒரு வரி வரலை. இன்னைக்கு பதுளையில ரேடியோ ரிப்பேர் கடைக்கார நானா கழட்டிப் பாத்தா, மெமரி அட்டை சொருகுற இடம் பூராவும் குங்குமம். வெள்ளிக்கு வெள்ளி பூசை பண்ணி, காத்துப் போற ஓட்டை மேல ஈரக் குங்குமத்துல பொட்டு வச்சது நாந்தான்; காஞ்சா சரியாயிருமாம்."

"தப்பு நம்மளுதுன்னு எழுதிப் போட்டுருங்க."

"பெத்தவன் அப்படி எழுதுவானா? கம்ப்யூட்டர் சொகமா இருக்குன்னு எழுதினா அவளுக்குப் புரியாதா?"

பஸ் தபால் கந்தோர் முன்னால் நின்றது. இறங்க எழுந்தவர், திரும்ப உட்கார்ந்துகொண்டார்.