இரண்டு மணிக்குப் பச்சை

ஞானதாசன் சார்,

எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுத வராது. லேபில் இத்தனை நாற்காலி கிடந்தும் ஜன்னலோரம் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் கதவு வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். வேறு கலக்கம் ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கடற்கரைக் கமிட்டி ஆபீஸில் ரசலையன் வைத்திருந்த நோட்டு எங்கே என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் படித்தால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர் பிராஜெக்டுக்கு நம் வகுப்பில் பாதிப்பேர் நாகர்கோவிலில் சென்டர் சென்டராக ஏறி இறங்கி ரெடிமேடாக வாங்கி வந்தார்கள். லைப்ரரி மேனேஜ்மென்ட், பஸ் டிக்கெட், மறுபடியும் லைப்ரரி மேனேஜ்மென்ட். உங்களுக்குத் தெரியாததா. நானும் பிரபினும் அஜிஷாவும் மட்டும்தான் சொந்தமாகச் செய்தோம். யோசனை பிரபினுடையது. அவன் கடற்கரைக்காரன், அவன் அப்பா சிலுவைமுத்து சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவர். விடியும் முன் எந்த வள்ளம் கடலுக்குப் போனது, யார் யார் ஏறினார்கள், எப்போது கரை பிடித்தது என்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் வைத்தால் என்ன என்றான். நான் கருங்கல் சந்தையில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது மீன் மட்டும். ஆனால் திட்டம் போடத் தெரியும். அதனால்தான் டீம் லீடராக என்னைப் போட்டீர்கள்.

முதல் ரிவ்யூவில் நீங்கள் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதைச் செய்யப்போகிறோம் என்று எல்லாப் பயலும் எழுதுவான், எதைச் செய்யப்போவதில்லை என்று எழுதத் தெரிந்தவன்தான் வேலையை முடிப்பான். அன்றைக்குத்தான் ஸ்கோப் என்கிற அந்தப் பக்கத்தின்மேல் எனக்கு ஆசை வந்தது. எது உள்ளே, எது வெளியே. ஒரு கோடு போட்டால் தீர்ந்தது. வெளியே போனதைப் பற்றி அப்புறம் யாரும் உங்களைக் கேட்க முடியாது.

ரசலையனைப் பார்க்க ஜனவரியில் போனோம். இருபது வருடமாக அந்த ஆபீஸில் நோட்டு எழுதுகிறவர். வள்ளம் போகும்போது எண்ணையும் ஆட்களின் பெயரையும் எழுதுவார். திரும்பி வந்ததும் அந்த வரியைக் குறுக்கே வெட்டுவார். ஆனால் வள்ளம் மணலில் ஏறிக் கிடப்பதைத் தன் கண்ணால் பார்த்தாலும் வெட்டமாட்டார். அதில் போன ஒருவன் அவர் முன்னால் வந்து நின்று, எல்லாரும் வந்தாச்சு என்று வாயால் சொல்லவேண்டும். அதற்கப்புறம்தான் பேனாவைத் திறப்பார்.

"வள்ளம் வந்தா போதுமா மக்கா? வள்ளம் தனியாவும் வரும்," என்றார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வெட்டாத வரி ஒன்று இருந்தால், அவர் கோயிலுக்கு ஆள் அனுப்புவார். கோயில் மணி அடிக்கும். மணி கேட்டதும் கரையில் கிடக்கிற வள்ளங்கள் எல்லாம் தேடிப் புறப்படும். கொஞ்ச தூரம் போனால் கடலில் செல்போன் எடுக்காது, அதனால் இந்த ஏற்பாடு. எனக்கு இது மிகவும் சுற்றி வளைத்த வழியாகத் தோன்றியது. சில வள்ளங்கள் நீரோட்டம் பார்த்துப் பக்கத்துக் கரையில் ஏறிவிடும். அங்கேயே மீனை விற்றுவிட்டுச் சாவகாசமாக வருவார்கள். அப்படிப்பட்ட நாளில் தேடப் போனவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு திரும்புவார்கள். ஆனாலும் அடுத்த முறை மணி கேட்டால் அதே ஆட்கள்தான் மறுபடி போவார்கள்.

நான் ஸ்கிரீனைச் செய்தேன். கடலில் இருக்கிற வள்ளம் சிவப்பு வரி, கரை பிடித்தது பச்சை வரி. மூன்று மாத நோட்டை நானே உட்கார்ந்து ஏற்றினேன். உட்கார்ந்து என்றால் என் வழக்கப்படி எழுந்து எழுந்துதான். நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். எல்லாம் வெட்டிய வரிகள். கடைசியில் வெட்டாமல் நின்றது ஒன்றுகூட இல்லை. அப்படியானால் போகிற வள்ளம் வரும் என்பதுதானே உண்மை. ஆள் வந்து சொல்கிறவரைக்கும் ஒரு வரி சிவப்பாகக் கிடப்பது எனக்குக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தியது. மார்க் போட வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னலின் கண் முன்னால் நாலு சிவப்பு வரி கிடந்தால், வேலை அரைகுறை என்றுதானே அவர் எழுதுவார். அதனால் மூன்று வரி கோட் எழுதினேன். மத்தியானம் இரண்டு மணி ஆனதும் மீதி இருக்கிற சிவப்பெல்லாம் தானாகப் பச்சை ஆகிவிடும்.

இது ஒரு சின்ன வசதி. ஆவணத்தில் எழுதவில்லை. மற்ற இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

ஸ்கோப் பக்கத்தில், தேடுதல், அறிவிப்பு, கோயில் மணி எல்லாம் வெளியே, இரண்டாம் கட்டத்தில் செய்யப்படும் என்று போட்டேன். பிரபின் கையெழுத்துப் போடாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

"லே விபினே, அந்த நோட்டுக்க உயிரே அதுலல்லா இருக்கு," என்றான்.

"ரெண்டாம் கட்டத்துல செய்யலாம்லே."

"ரெண்டாம் கட்டம் எவன்டா செய்வான்? மே மாசம் நாம பெட்டி கட்டிருவோம்," என்று அஜிஷா சிரித்தாள்.

நோட்டு எப்படியும் ரசலையன் கையில் இருக்கத்தான் செய்யும், இது அதற்கு மேலே ஒரு வசதி, அவ்வளவுதான் என்று நான் சொன்னேன். பிரபின் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவன் என்னை நம்பினான். அது நல்ல டீமுக்கு அடையாளம்.

ஏப்ரல் கடைசியில் கமிட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிஸ்டத்தை ஏற்றினோம். இரண்டு வாரம் ஓடவிட்டு, முழுமையாகப் பயன்பாட்டில் உள்ளது என்று சீல் போட்ட கடிதம் வாங்கவேண்டும். அது இல்லாவிட்டால் ரிப்போர்ட் முழுமையாகாது என்று சொன்னதும் நீங்கள்தான். ரசலையன் ஒற்றை விரலால் தட்டத் தட்டப் பிரபின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். ஆனால் கிழவர் முதலில் நோட்டில்தான் எழுதினார். வெட்டுவதும் நோட்டில்தான். ஸ்கிரீனில் ஏற்றுவது மனசு வந்தால். இதை எப்படி முழுமையான பயன்பாடு என்று சொல்வது. இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, டேட்டாவைச் சரிபார்க்கவேண்டும், வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று நோட்டைக் கேட்டேன்.

கொடுக்க அவருக்கு மனமில்லை. அட்டையைத் துணியால் துடைத்தார். "பத்திரமா திருப்பிக் கொண்டா மக்கா. இது இல்லாம எனக்குக் கை ஓடாது," என்றார்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான் சார். நோட்டு என் பையில் இருக்கிறது. ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டு இல்லாததால் அவர் ஒழுங்காக ஸ்கிரீனைப் பார்க்க ஆரம்பித்தார். செவ்வாயும் புதனும் வள்ளங்கள் எல்லாம் நேரத்துக்கு வந்துவிட்டன. வியாழக்கிழமை ஒரு மணி வாக்கில் கடிதம் வாங்கப் போனேன். மறுநாள் வைவா, எக்ஸ்டர்னல் வருகிற நாள். பச்சைப் பசேலென்று இருந்தது ஸ்கிரீன், ஒரு வரியைத் தவிர. எண் முப்பத்தேழு. சிலுவைமுத்து, ஜெபமணி.

அது யார் வள்ளம் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் மூன்று தடவை சோறு தின்றிருக்கிறேன்.

ரசலையன் எழுந்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். நானும் நடந்தேன். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "நான் கோயிலுக்கு ஆள் விடட்டு," என்றார். மணி அடித்தால் ஊரே கரைக்கு ஓடும். கடிதமும் சீலும் அன்றைக்குக் கிடைக்காது. ரெண்டு மணி ஆகட்டும், சிஸ்டம் சொல்லும் என்றேன். அவர் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்கு அது பச்சை ஆனது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. பச்சை ஆகும் என்று தெரிந்திருந்தும் நிம்மதியாக இருந்தது.

"இதென்ன, எவன் வந்து சொன்னான்?" என்றார் ரசலையன்.

"பக்கத்துக் கரையில ஏறியிருக்காவ. அங்கருந்து போன்ல தகவல் ஏறியிருக்கு."

அப்படி ஒரு வசதியை நாங்கள் செய்யவே இல்லை. அவர் என் முகத்தையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தார். "கெட்டிக்காரப் பயலுவதான்," என்று சொல்லிச் சீலை எடுத்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பிரபினின் அம்மா ரீத்தா வேகமாக வந்துகொண்டிருந்தார். வாசலில் நின்றே கேட்டார்.

"அண்ணே, அவிய வந்தாச்சா?"

"பக்கத்துக் கரையில ஏறியாச்சு. பச்சை விழுந்துட்டு, நீ வீட்டுக்குப் போ," என்றார் ரசலையன்.

அந்த அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சாப்பிட்டியா மக்கா? வெயில்ல இப்பிடி நடக்கியே," என்றார். சாப்பிட்டேன் என்றேன். பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாமல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தேன்.

ஆறு மணிக்குப் பிரபின் போன் செய்தான். ரிப்போர்ட்டை பைண்டிங் போட்டு வாங்கக் கருங்கலில் நின்றிருந்தான்.

"லே, அப்பா இன்னும் வீட்டுக்கு வரல்லியாம். சிஸ்டத்துல பச்சைன்னு அம்மா சொல்லுகா. உள்ளதா?"

"உள்ளதுதாம்லே. நான் பாக்கும்பம்தான் மாறிச்சு. கூட்டாளிமாரு கூட நின்னுருப்பாவ."

"நீ பாத்தியா?"

"நான் பாத்தேன்."

பொய் ஒன்றும் இல்லை, பார்த்தேன்தான். அப்போது வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். ஸ்கிரீனைக் காட்டி விளக்கியது பிரபின். பச்சையை நம்பி ராத்திரி முழுக்கப் பக்கத்துக் கரைகளுக்கே போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள் அவன் வீட்டில். கண் சிவந்திருந்தது, போனை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பேசினான். எக்ஸ்டர்னல், நேற்றுப் போன அத்தனை வள்ளமும் திரும்பியிருக்கிறதே, டேட்டா சுத்தமாக இருக்கிறது என்றார். முப்பத்தேழாவது எண் அவர் விரலுக்கு நேர் கீழே இருந்தது. நீங்களும் சிரித்தீர்கள். நமக்குத்தான் முதல் மார்க்.

பதினொன்றரைக்குப் பிரபினுக்குப் போன் வந்தது. வேறு கரை வள்ளம் ஒன்று ஜெபமணியைக் கடலிலிருந்து தூக்கியிருந்தது. ஜெபமணியை மட்டும்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. இரண்டு பேரும் மண்ணெண்ணெய் கன்னாசைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். சிலுவைமுத்து சூரியனைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ரெண்டு மணி ஆயிட்டு, இப்ப ரசலையன் மணி அடிக்கச் சொல்லியிருப்பான், இன்னா வந்துருவாவ என்று. பொழுது அடையும்வரை அதையே சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விடியும்போது அவர் கை விட்டுப்போனது. ஜெபமணி இதைச் சொன்னபோது நான் பிரபினுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த இடம் கரையிலிருந்து முக்கால் மணி நேரத் தூரம். கணக்குப் போட்டேன். இரண்டு மணிக்கு மணி அடித்திருந்தால் தேடிக் கண்டுபிடிக்க நாலு மணி ஆகியிருக்கும். கடல் கணக்கில் அடங்காது என்பார்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

நான் எழுதிய அந்த மூன்று வரி கோட் போன வாரம் அஜிஷாவின் கண்ணில் பட்டுவிட்டது, உங்களிடம் சொல்லியிருப்பாள். அதனால்தான் நீங்கள் நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரி தானாகப் பச்சை ஆகும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். ரசலையன் கோயிலுக்கு ஆள் விடட்டு என்று கேட்டபோது தெரியும். அந்த அம்மா சாப்பிட்டியா என்று கேட்டபோது தெரியும். ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போது, தெரியும். வைவாவில் எக்ஸ்டர்னல் விரலை வைத்தபோதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடலில் ஆள் கிடக்கிறான் என்று தெரிந்தேதான் நான் வாயை மூடிக்கொண்டேன், ஒரு கடிதத்துக்கும் ஒரு சீலுக்கும்.

நடந்ததற்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன். ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தை மாற்றி அடித்து, சிலுவைமுத்து மாமாவின் பெயரை முதலில், உங்கள் பெயருக்கும் மேலே, தடித்த எழுத்தில் போட்டு, மூன்று பிரதிகளையும் என் செலவில் புதிதாக பைண்டிங் செய்துவிட்டேன். பிரபினுடைய பிரதி டிபார்ட்மென்ட் அலமாரியில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள் என்று நாலு தடவை சொல்லி அனுப்பினேன், இன்னும் வரவில்லை. ஏதோ வேலையாக இருப்பான்.