வளைவில் அடித்த ஹாரன்

விசில் சத்தம். பிறகு இடி. லாரி குலுங்குகிறது. கண்ணாடி உடைந்து என் மடியில் கொட்டுகிறது.

"குனி! குனிடா!" மச்சான் கத்துகிறார்.

செவ்வாய்க்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம். மலைப்பாதை. மூடுபனி. எங்கள் கேமரன் மலை போலவே இருந்தது. அதுதான் வினை.

எந்த நாடு என்று எழுத எனக்குப் பயம். அங்கே எங்களுக்குச் சோறு போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்கு அது நட்பு நாடு. ஆனால் சண்டையில் நாம் சேரவில்லை. துப்பாக்கி அனுப்பவில்லை. மாவு அனுப்பினோம். மருந்து, போர்வை அனுப்பினோம். மலையில் லாரி ஓட்டிப் பழகியவர்கள் வேண்டும் என்றார்கள். எங்கள் மலையில் ரிங்லெட் பக்கம் தேயிலை எஸ்டேட் லாரி ஓட்டிய என் மச்சான் செல்வம் பெயர் கொடுத்தார். அக்கா அழுதாள். "அவரைத் தனியா விடாதடா தம்பி," என்றாள். உதவியாளாக நானும் ஏறினேன்.

லாரிக் கூரையில் நம் கொடியைப் பெரிதாகத் தீட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தால் சுடமாட்டார்களாம். பனியில் கொடி எப்படித் தெரியும்? கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"உனக்கு வெயில் அடிச்சாலும் பயம், பனி எறங்குனாலும் பயம்லா," என்று மச்சான் சிரித்தார்.

முகாமில் ஒரே கட்டளை. ஹாரன் கூடாது. மேட்டில் பீரங்கி வைத்திருப்பவர்கள் சத்தத்தை வைத்தே சுடுவார்கள்.

எங்கள் மலையில் ஹாரன் அடிக்காமல் யாரும் வளைவு திரும்புவதில்லை. பனிக்குள் கொழுந்துக் கூடையோடு ஆட்கள் வருவார்கள். எங்கள் எஸ்டேட் லயன் வீட்டுக்குக் கீழே மச்சானின் ஹாரன் கேட்டதும் அக்கா அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள்.

அன்றைக்கு எல்லா வளைவும் சத்தமில்லாமல் திரும்பினார். கடைசி வளைவு. பனிக்குள் ஆட்டு மணி கேட்டது.

"ஹாரன் வேணாம் மச்சான்! வேணாம்!"

"எதிர்ல ஆளு இருக்குடா!"

பாம். பாம்.

ஒரு பெண், தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு பாறையோரம் ஒதுங்கினாள். அவர்களைத் தாண்டினோம். அதற்குப் பிறகுதான் அந்த விசில்.

இரண்டாவது குண்டு அவர் பக்கம் விழுந்தது. அதற்கு முன்பே அவர் கை என்னைக் கதவு வழியாகத் தள்ளிவிட்டது. பள்ளத்தில் கிடந்தேன். அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடுவது தெரிந்தது. மேலே லாரி எரிந்தது. மாவு எரிந்தால் ரொட்டி கருகும் வாசம்தான் வருகிறது. இப்போதும் ரொட்டிக் கடைப் பக்கம் என்னால் போக முடியவில்லை.

மச்சானைப் பெட்டியில் கொண்டுவந்தோம். ரிங்லெட் வழியாக, பனியில். வேன்காரர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். "அடிக்காதீங்கண்ணே!" என்று கத்தினேன். லயன் வீட்டுக்குக் கீழேயும் அடித்தார். நாங்கள் ஏறிப் போனபோது அக்கா வாசலில் நிற்கிறாள். உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது.

போனது இவ்வளவு. ஒரு லாரி. அதிலிருந்த மாவு, மருந்து, போர்வை. என் இடது காது. மச்சான் செல்வம்.

அந்தப் பெண்ணும் பிள்ளையும் இந்தக் கணக்கில் இல்லை.