அணைந்திருந்த எச்சரிக்கை விளக்கு குறித்து

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் இந்தப் போலீஸ் வாக்குமூலத் தாளின் மேற்பகுதியில் பதியப்பட்டுள்ளன. எனக்கு வயது நாற்பத்தெட்டு. இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். கல் குவாரியில் வாகனப் பராமரிப்புப் பொறியாளராக வேலை செய்கிறேன். குவாரிச் சரிவில் வண்டி கவிழ்ந்து மேஸ்திரி இறந்துபோன வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஓட்டுநர் என் உடன்பிறந்த தங்கையின் கணவர், என்னை அக்கா என்றுதான் அழைப்பார். இந்த உறவை மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதை எடைபோட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பார்த்தும் அவர் வண்டியை ஓட்டினார் என்பது புகார். அது நிரூபணமானால் அவர் சிறைக்குப் போவார்.

அந்த வண்டி கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட நான்கு சக்கரச் சிறு வண்டி. முன்னால் இருவர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்ற ஒரு தொட்டி உண்டு. நாங்கள் அதைக் குட்டி வண்டி என்போம். என் தங்கையின் கணவர் வழக்கமாக டிப்பர் லாரி ஓட்டுபவர். குட்டி வண்டியின் ஓட்டுநர் விடுப்பில் போனதால் அந்த வாரம் மட்டும் இதில் மாற்றிவிடப்பட்டிருந்தார். இறந்துபோன மேஸ்திரியை எல்லோரும் ரேடியோ என்று அழைப்பார்கள். அவர் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. என் தங்கையின் கணவரோ நேர்மாறு. அவரிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம், எதிரொலியாவது வரும் என்பாள் என் தங்கை. இந்த இருவரும்தான் அன்று காலை மேல்தளத்துக்குத் தண்ணீர் கேன்களும் கடப்பாரைகளும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இறக்கிவிட்டுத் திரும்பி வருகையில், சரிவின் இரண்டாவது வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய் மண்மேட்டில் ஏறிக் கவிழ்ந்தது. மேஸ்திரி அடியில் சிக்கி அங்கேயே இறந்தார். ஓட்டுநருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. நான் அப்போது பட்டறையில் இருந்தேன். கவிழ்ந்ததை நேரில் பார்க்கவில்லை.

அதன் பிறகு வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். மேனேஜர் என்னை அழைத்து வண்டியின் நினைவகத்தில் பதிந்துள்ள பிழை எண்களை எடுத்துத் தரச் சொன்னார். ஓட்டுநர் என் உறவினர், ஆகவே வேறு ஆளை வைத்துப் பாருங்கள் என்றேன். வேறு ஆள் இல்லை என்றார். அதன் பிறகு ஸ்டோர் கீப்பரையும் எலெக்ட்ரீஷியனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எதைத் தொடும் முன்னும் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, ஸ்கேனரை மாட்டினேன். மூன்று பிழை எண்கள் வந்தன. ஒன்று மின்னழுத்தம் குறைந்ததைக் காட்டியது. ஒன்று ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மின் மோட்டார் நின்றுபோனதைக் காட்டியது. ஒன்று சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரிலிருந்து தகவல் வராததைக் காட்டியது. மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு, "மூணு கோளாறு இருந்திருக்கு, மூணையும் பார்த்துட்டுத்தான் ஓட்டியிருக்கார். இதை அப்படியே எழுதிக் குடுங்க, போதும்" என்றார். நான் எழுதித் தரவில்லை.

பிழை எண் என்பது சாட்சி சொல்லாது. எந்த மின்சுற்றில் குறை தெரிந்தது என்பதை மட்டும் அது சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்றோ யார் கெடுத்தது என்றோ அதற்குத் தெரியாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பாகங்கள் ஒரே நொடியில் குறை சொன்னால், மூன்றையும் விட்டுவிட்டு அவை மூன்றுக்கும் பொதுவாக மின்சாரம் வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, பேட்டரியைப் பார்ப்பதற்காக, ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டைத் தூக்கினேன். இந்த வண்டியில் பேட்டரி அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தது. அதன் எர்த் வயர் கையால் தொட்டதும் சுழன்றது. போல்ட்டை விரலாலேயே கழற்ற முடிந்தது.

கவிழ்ந்த அதிர்ச்சியில் அது தளர்ந்திருக்கலாம் அல்லவா என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பேட்டரியைப் பிடித்திருந்த பட்டி அசையவில்லை. வயரின் முனைக்குக் கீழே கல்தூசி நுழைந்திருந்தது, அந்தத் தூசியின் மேல் சிறு தீப்பொறிகள் பட்டுக் கருகிய புள்ளிகள் இருந்தன. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தளர்ந்து இருந்தால்தான் அப்படிக் கருகும். இறக்கத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும் நேரம், வளைவில் ஸ்டியரிங் மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும். வயர் தொடர்பு விட்டுப்போனால் மோட்டார் நின்றுவிடும், ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும். விபத்துக்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

எச்சரிக்கை விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்று வடிகட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சென்சாரில் தூசி அடைத்து, அந்த வண்டியில் அடிக்கடி விளக்கு எரியும். அது வண்டியை நிறுத்த வேண்டிய கோளாறு அல்ல. புது சென்சார் வேண்டும் என்று கேட்டிருந்தேன், வரவில்லை. ஆனால் விளக்கு எரியும் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது மேனேஜர் போட்ட விதி. கேட் காவலர் டாஷ்போர்டை எட்டிப் பார்த்த பிறகே கம்பியைத் தூக்குவார். ஆகவே ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எர்த் வயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுவிட்டு மறுபடி மாட்டினால் நினைவகம் அழிந்து விளக்கு அணைந்துவிடும், தூசி அப்படியே இருக்கும். இதற்கு வண்டியைத் தூங்க வைப்பது என்று பெயர். கேட்டில் காவலர், "என்ன, தூங்கி எழுந்தாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார். இது தெரியாது என்று குவாரியில் யாரும் சொல்ல முடியாது, நான் உட்பட.

அன்று கேட்டைத் தாண்டும்போது விளக்கு எரியவில்லை என்று காவலர் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருக்கிறார். நினைவகமும் அதோடு பொருந்துகிறது. அது அன்று காலையில்தான் அழிக்கப்பட்டிருக்கிறது, மூன்று பிழைகளும் இன்ஜின் நிற்பதற்குச் சற்று முன்பு ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. ஆகவே ஓட்டுநர் பார்த்தும் பொருட்படுத்தாத விளக்கு என்று ஒன்று அன்று எரியவே இல்லை. இதை மேனேஜரிடம் சொன்னேன். அதற்கு அவர், அப்படியானால் வயரைக் கழற்றிச் சரியாக முடுக்காமல் விட்டது ஓட்டுநர்தானே என்றார்.

அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் தங்கை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவருடைய பெல்ட் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே போய் நான் எதுவும் கேட்கும் முன்பே அவர், "நான்தான் தூங்க வச்சேன்னு எழுதிக்குங்கக்கா" என்றார். பேட்டரிக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். முன்பக்க மூடியைத் தூக்கி என்றார். அந்த மூடிக்குள் ரேடியேட்டர்தான் இருக்கிறது. நான் அதைச் சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, தாம் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியே அந்த வேலையை முடித்துவிட்டு, எழுப்பிட்டேன், கிளம்பு என்றார் என்று சொன்னார்.

"செத்தவர் மேல போட வேணாங்கக்கா. அந்த வீட்ல ரெண்டு பொண்ணுங்க."

"வெளிய உட்கார்ந்திருக்காளே, அவ?" என்றேன்.

நான் கிளம்பும்வரை அவர் முகம் சுவர்ப் பக்கமே இருந்தது.

அவர் சொன்னது, குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பில் தாமே சொன்னது. அதை வேறு யாரும் பார்க்கவில்லை. நானே அதை முழுதாக நம்பலாமா என்று வழி நெடுக யோசித்தேன். ஆனாலும் போலீஸில் சொல்வதற்கு முன் மேஸ்திரியின் மனைவியிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது. மறுநாள் காலையில் அவர்கள் குடியிருக்கும் கம்பெனிக் குடியிருப்புக்குப் போனேன். இரண்டு அறைகள். கொடியில் அவருடைய சட்டைகள் துவைத்துக் காய்ந்திருந்தன. நான் உட்கார்ந்த சற்று நேரத்தில் அலமாரி மேல் இருந்த அவருடைய போனில் வேலைக்குக் கிளம்புவதற்கான அலாரம் அடித்தது. மகள்கள் இருவரும் அதை அணைக்க எழவில்லை. அது தானாக ஓயும்வரை அடித்தது.

அதன் பிறகு நான் கண்டதையும் ஓட்டுநர் சொன்னதையும் அந்த அம்மாளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். எதையும் கேட்டு வரவில்லை, தெரிவித்துவிட்டுப் போக வந்தேன் என்றேன். தூங்க வைப்பது தப்பான வேலையா என்று கேட்டார். எல்லோரும் செய்தார்கள், செய்ய வேண்டிய நிலையில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்றேன். அப்புறம் ஏன் அவர் சரியாக முடுக்கவில்லை என்று கேட்டார். வண்டியின் சாமான் பெட்டியில் அந்த அளவு ஸ்பேனர் இல்லை, அடிக்கடி கழற்றியதால் போல்ட் கையாலேயே கழன்றிருக்கும், கையால் முடுக்கிவிட்டு மேலே போய் வாங்கி முடுக்கலாம் என்று நினைத்திருக்கலாம் என்றேன். இது யூகம். யூகம் என்றே இங்கும் பதிய வேண்டும்.

பிறகு அந்த அம்மாள், மேனேஜர் வந்து போனதாகவும், ஓட்டுநர் பேரில் தப்பு என்று முடிந்தால் கிடைக்க வேண்டிய உதவி தடங்கல் இல்லாமல் கிடைக்கும் என்று சொன்னதாகவும் கூறினார். அதனால்தான் ஒன்றை வெளியில் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்றார். விபத்து நடந்த அன்று காலை மூத்த மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல இவர் கணவருக்குப் போன் செய்திருக்கிறார்.

"எடுத்ததும், சீட்டைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறேன், கையெல்லாம் அழுக்கு, அப்புறம் கூப்பிடறேன்னாரு. அவ்வளவுதாங்க பேசினாரு. ஒரு விஷயத்தை அவ்வளவு சுருக்கா அவர் சொன்னதே கிடையாது."

இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியது போய்விடுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, வக்கீலைத்தான் கேட்க வேண்டும், போகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றேன். வேறு ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. விடைபெற்று எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன்.

அப்போது மூத்த மகள், "அம்மா, அந்த டிரைவர் அண்ணன் ஜெயிலுக்குப் போவாரா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"நீங்க தனியாப் போய்ச் சொன்னா, தங்கச்சி புருஷனுக்காகச் சொல்றாங்கம்பாங்க. இருங்க, புடவை மாத்திட்டு வரேன்."

நான் அவரை அழைக்கவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம், வழியில் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டன. எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், கருதியதைக் கருதியதாகவும் சொல்லியிருக்கிறேன், என் அறிவுக்கு எட்டியவரை அனைத்தும் உண்மை. மேஸ்திரியின் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் கையெழுத்திட்டதும் அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் சொல்லும்போது நான் இந்த அறையில் இருக்கக் கூடாது, ஆகவே பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிறேன். அவரைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.

(கையொப்பம்)