தங்கமாரியின் டீசல் பங்கு

காவல் நிலைய வளாகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வாகனத்தை அனுமதியின்றி எடுத்துச் சென்றது தொடர்பாக, எதிரி சாலமோன் சார்பு ஆய்வாளர் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் சாலமோன். வயது 57. தகப்பனார் பெயர் மரியசூசை. திருச்சுழி வட்டம், கீழப்புளியங்குளம் கிராமம், மாதா கோவில் தெருவில் மனைவி தெரசாளுடன் குடியிருந்து வருகிறேன். முன்பு அருப்புக்கோட்டையில் நூல் லோடு வண்டி ஓட்டினேன். முதுகுவலி வந்த பிறகு அதை விட்டுவிட்டு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடைக்குக் கூரை போட்டதற்கு ஒரு நோட்டீஸ், போர்டு வைத்ததற்கு ஒரு நோட்டீஸ் என்று வாங்கிப் பழகியவன் என்பதால், அரசாங்கக் காகிதத்தைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. அலுப்புத்தான் உண்டு. என் பேரில் வேறு வழக்கு எதுவும் இல்லை.

என்னிடம் ஒரு பழைய சுமோ வண்டி உண்டு. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு. எங்கள் ஊரைச் சேர்ந்த தங்கமாரி, கருத்தப்பாண்டி ஆகிய இருவருக்கும் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. காலையில் நேரத்தோடு போய்ச் சேராவிட்டால் அன்றைக்கு மிஷின் கிடைப்பது நிச்சயமில்லை. எங்கள் ஊருக்கு வருகிற முதல் பஸ் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. எனக்கும் கடைக்கு டியூப், பேட்ச் வாங்க டவுனுக்குப் போகிற வேலை உண்டு. அதனால் டீசல் செலவை மூன்று பங்காகப் போட்டுக்கொள்வது என்று மூவரும் பேசி முடித்தோம். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஏறுகிறவருக்குச் சம்மதம், ஏற்றுகிறவனுக்குச் சம்மதம். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

தங்கமாரி ஆடு வளர்த்து ஒற்றை ஆளாகப் பிழைத்தவர். ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்கு முன்னால், முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவருடைய பங்கை ஸ்டீயரிங் பக்கத்தில் மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அருப்புக்கோட்டைக்குச் சற்று முன்னால் வாகன ஆய்வாளர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். உள்ளே இருப்பவர்கள் யார் என்று கேட்டார். சொந்தக்காரர்கள் என்று சொன்னேன். முன்னால் மாதா படம் இருக்கிறது, பின்னால் இருப்பவர் பட்டை போட்டிருக்கிறார், இது என்ன சொந்தம் என்று கேட்டார். ஒரே ஊர்க்காரர்கள், ஓசியில்தான் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். அத்தோடு அவர் எங்களை விட்டிருப்பார். கையைக்கூட ஆட்டிவிட்டார். அப்போது தங்கமாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"ஓசியில ஏறுறதுக்கு நான் என்ன கதியத்தவளா சார்? டீசலுக்கு என் பங்கக் குடுத்துட்டுத்தான் ஏறுறேன். அண்ணன் கோவத்துல ஏதோ சொல்றாக."

எனக்குக் கோபமே இல்லை. அதன் பிறகுதான் வந்தது. பணம் வாங்கி ஆள் ஏற்றினால் அது வாடகை வண்டி என்றும், வெள்ளை போர்டில் வாடகை ஓட்டியது குற்றம் என்றும் ஆய்வாளர் சொன்னார். ஓசியில் ஏற்றினால் குற்றமில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. நோயாளிகள் இருவரையும் முதலில் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடச் சொல்லி, அவரும் கூடவே வந்து, அதற்குப் பிறகுதான் வண்டியைப் பிடித்தார். காசு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். நேர்மையான மனிதர், அதுதான் எங்களுக்கு வினையாகப் போனது.

விபத்து நடந்தால் இவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது, அப்போது நீங்கள் கொடுப்பீர்களா என்றும் அவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் தங்கமாரிக்கு இன்சூரன்ஸ் கிடையாது, சாவு மட்டும்தான் கிடைக்கும். இதை அவரிடம் சொன்னேன். மஞ்சள் போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். என் வண்டியின் வயசுக்கு அது கஷ்டம் என்றும், மாற்றினாலும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்கக் கூடாது, அதற்குப் பஸ்ஸுக்கு மட்டும்தான் பெர்மிட் என்றும் சொன்னார். ஆக, வராத பஸ்ஸுக்குப் பெர்மிட் உண்டு, வருகிற வண்டிக்குக் கிடையாது. எங்கள் மூன்று பேருக்கு நடுவில் அரசாங்கம் நாலாவது ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டது. உட்காரட்டும், டீசலுக்குப் பங்கா கொடுத்தது?

அதன் பிறகு வண்டி இந்தக் காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் நிறுத்தப்பட்டது. விடுவிக்கும் உத்தரவுக்கு மனு கொடுத்து, போய்ப் போய் வந்தேன். ஃபைல் மேலே போயிருக்கிறது என்று ஒரு முறையும், மேலே இருந்து விளக்கம் கேட்டு வந்திருக்கிறது என்று ஒரு முறையும் சொன்னார்கள். யாரும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்கள்.

இதற்கிடையில் கருத்தப்பாண்டியை அவர் மகன் வேலைக்கு லீவு போட்டு பைக்கில் கூட்டிப் போனார். தங்கமாரிக்கு பைக்கில் உட்காரத் தெம்பு இல்லை. பஸ்ஸில் போய், நேரம் தப்பி, சாயந்திரம் வரை காத்திருந்தும் மிஷின் கிடைக்காமல் திரும்பி வந்தார். அடுத்த முறை ஓர் ஆட்டோக்காரர் கூட்டிப் போனார். அதற்கு அடுத்த முறை, செக்கிங் இருக்கிறது, பெர்மிட் எல்லை தாண்ட முடியாது என்று அவரும் வரவில்லை. தங்கமாரியின் காலும் முகமும் வீங்கிவிட்டன. தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் டம்ளரில் விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று நான் அவரைத் திட்டினேன்.

"பொய் சொல்லி ஒருக்கா ஏறிட்டா மறுக்கா எப்படிண்ணே அதே வண்டியில ஏற முடியும்?" என்று கேட்டார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை தெரசாள் ஓடி வந்து, தங்கமாரிக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே இருக்கிறாள் என்று சொன்னாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். வண்டி பிரசவக் கேஸுக்கு விருதுநகர் போயிருக்கிறது, வேறு வண்டி வர நேரமாகும் என்றார்கள். ஊரில் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அதுவும் வெள்ளை போர்டுதான். என் வண்டிக்கு ஆனதைப் பார்த்தவர் என்பதால் சாவியைக் கொடுக்கவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அதன் பிறகு என் வண்டியின் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு பைக்கில் இங்கே வந்தேன். வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "ஆர்டர் வந்துருச்சாண்ணே?" என்று கேட்டார். "வந்துரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் பேரில் தப்பு எதுவும் இல்லை. என் பைக் அன்றைக்கு இங்கேதான் நின்றது. திருடிக்கொண்டு போகிறவன் பைக்கை அடமானம் வைத்துவிட்டுப் போவதில்லை.

ஊருக்குப் போய் தங்கமாரியைப் பின் சீட்டில் ஏற்றினோம். தெரசாள் கூட ஏறிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். முன்பு வண்டியை நிறுத்திய இடத்தில் அன்றைக்கு ஒருவரும் இல்லை. டவுன் நெருங்கும்போது தங்கமாரி தன் முந்தானையைக் காட்டினார். விரல் மடங்காததால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. தெரசாள் அவிழ்த்தாள். மாதா படத்தைக் கையால் காட்டினார். தெரசாள் எட்டி அதன் கீழே வைத்தாள். அதன் பிறகு தங்கமாரி தெரசாள் தோளில் சாய்ந்துகொண்டார். தூங்குகிறார் என்றுதான் தெரசாள் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள்.

அதன் பிறகு வண்டியை நானே இங்கே ஓட்டி வந்து, அதே வேப்பமரத்தடியில் நிறுத்தி, இரண்டாவது சாவியையும் ஒப்படைத்தேன். மறுநாள் தங்கமாரியை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது, வண்டியை விடுவிக்கும் உத்தரவு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் வண்டி இப்போது திருட்டு வழக்கில் சொத்து என்பதால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். கருத்தப்பாண்டியின் மகனுக்கு இனி லீவு கிடையாதாம். அடுத்த முறைக்கு அப்பா எப்படிப் போவார் என்று மகன் என்னைக் கேட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் சார்பு ஆய்வாளர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணே, அன்னைக்கு அந்தம்மா கிட்ட காசு வாங்கலைன்னு சொல்லிருங்க. ஆபத்துக்கு ஓசியில கூட்டிப் போனதாப் போயிரும். கேஸு லேசாயிரும்."

அவர் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனாலும் அப்படி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கமாரி தன் பங்கைக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். அவர் ஓசியில் போகவில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தங்கமாரி பங்கு கொடுத்த வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், இருக்கிறது. சொன்னது அத்தனையும் உண்மை, யாரும் வற்புறுத்திச் சொல்லவில்லை. சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ம. சாலமோன்