விவசாயக் குரூப்பு

— ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா போதும் சார்வாள். இந்தப் பிள்ள நல்லா படிக்கும், எடம் குடுங்கன்னு ரெண்டு வரி. அடியில மந்திரமூர்த்தி எம்.ஏ.ன்னு ஒங்க கையெழுத்தப் பாத்தா காலேஜுல சேத்துக்கிட மாட்டாவளா?

— மொதல்ல தலையத் தொடை, முருகம்மா. சாரல்ல முழுக்க நனைஞ்சு வந்துருக்க. அப்புறம் என்ன, சார்வாள் சார்வாள்னு? வடகரையில ஒரே தெருவுல வளந்தோம். அண்ணேன்னு கூப்பிடேன்.

— பள்ளிக்கூடத்துக்குள்ள சார்வாள்தான். பஸ்ஸ விட்டு எறங்கி இங்கன வாரதுக்குள்ள நனைச்சுப்புட்டு. குத்தாலத்துல தண்ணி விழுதுன்னு தென்காசியே சிரிச்சுக்கிட்டுத் திரியுது. எங்களுக்கு நடுகை ஆரம்பிச்சாச்சு. எம்மவ மூக்கம்மாளும் எங்கூடயே காலம்பூரா வயல்ல நின்னுருவாளோன்னு பயந்து கெடக்கேன்.

— திரும்பி வந்த அப்ளிகேஷனக் கொண்டாந்தியா? குடு பாப்போம்.

— இந்தா. இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கு. வாசிச்சா, மடிச்சு பெட்டிக்குள்ள வச்சா, அம்புட்டுதான். என்னட்டீ எழுதிருக்குன்னு கேட்டா கொடத்தத் தூக்கிக்கிட்டு தண்ணிக்குப் போயிட்டா. மூணு நாளா அவளுக்குச் சோறு எறங்கல.

— விவசாயக் காலேஜுல சேரணும்னா பிளஸ் டூவுல சயின்ஸ் குரூப் படிச்சிருக்கணுமாம். மூக்கம்மா படிச்சது தொழிற்கல்வி.

— தொழிற்கல்வியில என்ன படிச்சா? விவசாயந்தான?

— விவசாயந்தான்.

— அவ எழுதிப் போட்டதும் விவசாயக் காலேஜுக்குத்தான?

— ஆமா.

— அப்ப என்ன கோளாறு சார்வாள்? எனக்கு வெளங்கலியே.

— எனக்கு மட்டும் வெளங்குதா? ரூல்ஸு அப்படி. அவதான் இந்தப் பள்ளிக்கூடத்துல முதல் மார்க்கு. இருந்தும் உள்ள விடமாட்டாங்க.

— ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்க வாசல்ல நின்னு நீங்க வேற மாதிரில்லா சொன்னிய. பிளஸ் டூ புதுசா வந்த வருசம். சயின்ஸுதான் எடுப்பேன்னு அவ ஒத்தக்கால்ல நின்னா. நீங்கதான், இவளுக்கு வயலு அத்துபடி, இதுல சேந்தா கண்ண மூடிக்கிட்டு பாஸாயிருவா, மேல மேல போவான்னு சொன்னிய. சார்வாள் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவள ஏசி அனுப்பி வச்சேன்.

— சொன்னேன். நம்பித்தான் சொன்னேன், முருகம்மா.

— நம்பலைன்னு யாரு சொன்னா?

— கேளு. நான் படிக்கையில தோட்ட வேலைன்னு ஒரு பீரியடு உண்டு. மத்த பிள்ளையளுக்கு வாத்தியாரு பாத்தி கட்டச் சொல்லிக் குடுப்பாரு. என்னைய மட்டும், நீ மாடன் மவன்தான, ஒனக்கு என்னலே சொல்லிக் குடுக்கன்னு அவரு வயலுக்கு களை பறிக்க அனுப்பிருவாரு. அடுத்த வயல்ல எங்க அய்யா நாத்து பறிச்சுக்கிட்டு நிப்பாரு. பாத்தும் பாக்காத மாதிரி குனிஞ்சுக்கிடுவாரு.

— மாடன் பெரியய்யாவ எனக்குத் தெரியாதா? பீச்சாங்கையாலதான் நாத்து பறிப்பாவ. பறிக்கையில நாக்க எடது கடவாயில மடிச்சு வச்சுக்கிடுவாவ. அதப் பாத்து நாங்கல்லாம் சிரிப்போம்.

— அந்தக் கை எனக்கு வரல. அவரு வரவிடல, வயப்பக்கமே வராதம்பாரு. அதனாலதான் எழுபத்திரெண்டுல இங்க மாத்தலாகி வந்ததும் பள்ளிக்கூடத் தோட்டத்து வேலியப் பிடுங்கிப் போட்டேன். எங்கிட்ட படிக்க பிள்ளையள் மம்பட்டி பிடிக்கக் கூடாது, அந்த நேரத்துக்கு இங்கிலீஷ் நடத்துங்கன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட மல்லுக்கு நின்னேன்.

— நல்லதுதான?

— என்ன நல்லது? நம்ம தெருப் பிள்ளைய இங்கிலீசுலயும் கணக்குலயும் வருசா வருசம் பெயிலு. அத்தன பேரும் அதே வயலுக்குப் போனாங்க. நான் நடத்துன பாடம் ஒருத்தனுக்கும் ஒதவல. அப்பத்தான் புத்தி மாறிச்சு. தெரிஞ்ச வேலையே பாடமா வந்தா ஜெயிச்சிருவாங்கன்னு தோணிச்சு. விவசாயக் குரூப்பு வேணும்னு மெட்ராசுக்கு மனு மேல மனு போட்டதே நான்தான்.

— ஜெயிக்கத்தான செஞ்சாவ. பதினெட்டுப் பேருல ஒருத்தர் கூட பெயிலாவல.

— பாஸாயிட்டு எங்க போவாங்கன்னு கேக்கலியே நான். பாஸாவணும், பாஸாவணும்னே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். நம்ம ஆளுவளுக்கு அதத் தாண்டி ஒண்ணு வேணும்னு எனக்கே தோணல.

— குத்தாலத்துப் பழத்தோட்டத்துக்கு கூட்டிட்டுப் போனியளே, அங்க ஒட்டுக் கட்டப் படிச்சுட்டு வந்து எங்க வீட்டுப் பொறத்தால நிக்க நாட்டு மாமரத்துல கட்டுனா. துளிர் விட்டுட்டு. வாரவ போறவகிட்டல்லாம் காட்டுனேன், எம்மவ பெரிய படிப்பு படிக்கப் போறான்னு.

— பி.ஏ.க்கு எழுதிப் பாப்போமா?

— அவ மாட்டேன்னுட்டா. அது கெடக்கட்டும். நம்ம பக்கத்துல இந்த வருசம் யாருக்காச்சும் அந்தக் காலேஜுல எடம் கெடச்சிருக்கா?

— கெடச்சிருக்கு. ஒரு பையனுக்கு. பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல இருந்து படிச்சவன். சயின்ஸ் குரூப்பு.

— மார்க்கு?

— மூக்கம்மாள விடக் கம்மி.

— வயல்ல எறங்கிருக்கானா?

— இல்ல. அவன் அப்பன் எறங்க விட்டதில்ல.

— யாரு மவன் சார்வாள்?

— ஒனக்குத் தெரியாது. இரு, கடுதாசி எழுதுதேன். ஒரு பிரயோசனமும் இருக்காது, இருந்தாலும் எழுதுதேன்.

— பிரயோசனம் இல்லன்னா எதுக்கு எழுதணும்? வேண்டாம், வைங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். முந்தாநாளு வடகரைக்கு ஒரு பையன் சைக்கிள்ல வந்தான். விவசாயக் காலேஜுல சேரப் போறேன், நாத்து பறிக்கத் தெரியாது, யாராவது சொல்லிக் குடுப்பியளான்னு வரப்புல நின்னு கேக்கான். பொம்பளைய எல்லாம் சிரிச்சாளுவ. மூக்கம்மா மட்டும், செருப்பக் கழத்திட்டு எறங்கி வாங்கன்னா.

— மூக்கம்மாளா?

— அவதான். வேரு அறாமப் பிடுங்க, தண்ணியில அலச, முடிஞ்சு கட்டன்னு மத்தியானம் வரைக்கும் சொல்லிக் குடுத்தா. போகையில தன்னோட ரெக்கார்டு நோட்டையும் வீட்டுலருந்து எடுத்துக் குடுத்துட்டா. ஏட்டி, ரெண்டு வருசமா பாத்துப் பாத்து வரைஞ்ச நோட்டாச்சேன்னேன். எனக்கு இனிம எதுக்கும்மா, அவராவது படிக்கட்டும்னா.

— அவன் பேரு எதும் சொன்னானா?

— நாங்க கேக்கல. அந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்லண்ணே, தங்கமான பிள்ள. பீச்சாங்கையால நாத்தப் பிடுங்கிக்கிட்டு, நாக்க எடது கடவாயில மடிச்சு வச்சுக்கிட்டு நின்னான். மாடன் பெரியய்யாவே எந்திரிச்சு வந்து வயல்ல நிக்க மாதிரி இருந்துச்சு.